இரண்டு முடிச்சு

மார்ச் 3, செவ்வாய்

அக்கா,

நீ நன்றாகத்தான் இருப்பாய். அதனால் கேட்கவில்லை.

போன் செய்யாதே. நேற்று ஏழு முறை அடித்தாய். ஏழு முறையும் துண்டித்தது நான்தான். எங்களுக்கு இருப்பது ஒரே அறை. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாலும் காது இந்தப் பக்கம்தான் இருக்கும். அதோடு, போனில் நீ அழுவாய். நீ அழ ஆரம்பித்தால் கடைசியில் நான் உன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டிருப்பேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். இந்த முறை என்னால் ஆகாது. எழுது. காகிதத்தில் அழுதால் எனக்குக் கேட்காது.

ஞாயிற்றுக்கிழமை நீ அனுப்பிய படங்களைப் பார்த்தேன். "உங்களுக்குள் உறங்கும் கலைஞரை எழுப்ப இரண்டு நாள்" என்று பேனர். கீழே ஒன்பது பெண்கள், நடுவில் நீ. எல்லோர் கையிலும் ஒட்டுப்போர்வை. மூன்றாவது படத்தில் ஒரு சாம்பல் நிறத் துணி, ஆறு மூலைத் துண்டுகளாக வெட்டி, பூப்போட்ட துணிகளுக்கு நடுவே வைத்துத் தைத்தது. துணியில் ஓட்டை ஓட்டையாக. ஓட்டைகளுக்குப் பின்னால் மஞ்சள் துணி. அடியில் நீ எழுதியிருந்தாய்: "பழைய துணியில் காலம் போட்ட பூவேலை. எவ்வளவு அழகு பாரேன்!"

காலம் போடவில்லை அக்கா. ஆசிட் போட்டது.

அது அவருடைய கோட்டு. நவம்பரில், முலாம் பூசும் தொட்டிக்குப் பக்கத்தில் குழாய் வெடித்தபோது போட்டிருந்த கோட்டு. ஆஸ்பத்திரியில் நர்ஸ் முதலில் அதைக் கழற்றிவிட்டு ஒன்றரை மணி நேரம் தண்ணீர் ஊற்றினார்; பிறகு அதையும் அலசி ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்தார். "வீசிடாதீங்கம்மா, தேவைப்படும்" என்றார். அந்த நர்ஸுக்கு இருந்த புத்தி என் கூடப் பிறந்தவளுக்கு இல்லை.

ஏன் தேவைப்படும் என்று கேட்பாயா? ஆலை சொல்கிறது: ஆசிட் தாங்கும் உடுப்பு கொடுத்தோம், புழுக்கமாக இருக்கிறது என்று அவரே அதைக் கழற்றிப் போட்டுவிட்டு வீட்டுச் சட்டையோடு நின்றார், தப்பு அவருடையது. அதைச் சொல்லித்தான் வேலையை விட்டு எடுத்தார்கள். அவர்கள் கொடுத்த 'ஆசிட் தாங்கும் உடுப்பு' இந்தக் கோட்டுதான். தலையணை உறையைவிடக் கொஞ்சம் தடிமன். ஆனால் கோட்டின் நெஞ்சுப் பைக்குள்ளே ஆலையின் முத்திரை இருக்கிறது: "பாதுகாப்பு உடை, 417". அந்த முத்திரையும் அந்த ஓட்டைகளும் ஒரே துணியில் இருந்தன. அதுதான் எங்களுக்கு இருந்த ஒரே சாட்சி. இருபத்தாறாம் தேதி தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை.

பழைய துணி வேண்டும் என்று கேட்டாய். ஒற்றை முடிச்சு மூட்டையை எடுத்துக்கொள் என்றேன். கோட்டு இருந்த தலையணை உறைக்கு நான் இரண்டு முடிச்சு போட்டிருந்தேன். நம் வீட்டில் இரண்டு முடிச்சு என்றால் என்னவென்று உனக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா?

தங்கை


மார்ச் 6, வெள்ளி

சின்னு,

உன் கடிதத்தைக் கிளினிக்கில் வைத்துப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. ஒரு பெரியவர் வாயில் பஞ்சோடு எழுந்து வந்து, "என்னம்மா, உங்களுக்கும் பல்வலியா?" என்று கேட்டார்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. தப்பு என்னுடையதுதான். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், கோபப்படாதே. அலமாரி மேல் இரண்டு மூட்டை இருந்தது. இரண்டுக்குமே ஒற்றை முடிச்சுதான். நான் தொட்டுப் பார்த்தேன் சின்னு. வைப்பதற்கு இரண்டு, கொடுப்பதற்கு ஒன்று. அம்மாவிடம் அதற்கு நான் எத்தனை குட்டு வாங்கியிருக்கிறேன்! மறப்பேனா? நீ வேலைக்குப் போயிருந்தாய், தம்பி மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனசு வரவில்லை. இரண்டையும் எடுத்து வந்தேன்.

கோட்டை ஆஸ்பத்திரியிலேயே வெட்டித் தூக்கி எறிந்திருப்பார்கள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நீ என்னிடம் சொன்னதில்லை. நீ லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள், பிளீச் பட்டு வீணாய்ப்போன துணி ஏதோ என்று நினைத்துவிட்டேன்.

கலைஞர் என்று போட்டதை நீ கேலி செய்கிறாய். செய். பதினொரு வருஷமாக நான் வாயைத் திறந்தால் வருவது ஒரே வாக்கியம்: "உட்காருங்க, டாக்டர் இப்ப வந்துடுவார்." வீட்டுக்கு வந்தால் உன் அத்தான், "சாப்பாடு ஆச்சா?" அவ்வளவுதான் என் உரையாடல். அந்த இரண்டு நாள், சனியும் ஞாயிறும், ஒரு துணியை எங்கே வெட்டுவது, எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது என்று ஒன்பது பேர் என்னைக் கேட்டார்கள். நான் சொன்னேன். சொன்னது சரியாக இருந்தது. உன்னிடம் பீற்றிக்கொள்ளத்தான் படம் அனுப்பினேன். வேறு யாரிடம் காட்டுவேன்?

கோட்டிலிருந்து மொத்தம் முப்பத்தெட்டு துண்டு வந்தது. ஆறு பேர் பிரித்துக்கொண்டு போனார்கள். எல்லாவற்றையும் திரும்ப வாங்குகிறேன்.

அக்கா


மார்ச் 8, ஞாயிறு

அக்கா,

பொய் சொல்லாதே. மற்றதையெல்லாம் மன்னித்தாலும் மன்னிப்பேன், இதை மாட்டேன். இரண்டாவது முடிச்சை நான் பல்லால் இழுத்து இறுக்கினேன். நவம்பரிலிருந்து நான் அந்த மூட்டையைப் பிரிக்கவே இல்லை. பிரிக்கப் பயம். அது தானாக அவிழுமா?

தொழிற்சங்கச் செயலாளரிடம் போனேன். கோட்டு இருக்கிறது, ஆனால் துண்டு துண்டாக என்றேன். அந்த மனுஷர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"துண்டுன்னா? கிழிஞ்சு போச்சா?"

"வெட்டிட்டாங்க."

"யாரு, ஆலைக்காரனா?"

"எங்க அக்கா."

அந்த வார்த்தையைச் சொல்லும்போது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசி. எதிரி வெட்டியிருந்தால் கூட நாலு பேரைக் கூட்டிக் கத்தியிருப்பேன்.

செயலாளர் சொன்னார்: "அவங்க வக்கீல் என்ன சொல்லுவான் தெரியுமா? முத்திரை ஒரு கோட்டுல இருந்து வந்தது, ஓட்டை வேற ஏதோ துணியில இருந்து வந்தது, ரெண்டையும் சேத்து வச்சு நாடகம் ஆடுறாங்கம்பான். துண்டா இருந்தா அது தரை துடைக்கிற துணிம்மா."

நான் தினமும் நூற்றைம்பது படுக்கை விரிப்புக்கு இஸ்திரி போடுகிறேன். சுருக்கம் இருந்தால் திட்டு, மஞ்சள் தட்டினால் திட்டு. துணி எனக்கு முதுகுவலி. உன் ஒன்பது பேருக்கு அது பொழுதுபோக்கு. போகட்டும், இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஒரு துணியில் இவ்வளவு ஓட்டை இருந்தால், அதைப் போட்டிருந்த ஆளுக்கு என்ன ஆயிற்று என்று ஒன்பது பேரில் ஒருத்திக்குக் கூடவா கேட்கத் தோன்றவில்லை? பின்னால் மஞ்சள் வைக்கத்தான் தோன்றியதா?

அந்த முத்திரையை நீ பார்த்தாயா இல்லையா? அதற்கு மட்டும் பதில் எழுது.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

தங்கை


மார்ச் 12, வியாழன்

சின்னு,

பார்த்தேன்.

இந்த ஒரு வார்த்தையை எழுத மூன்று நாள் ஆயிற்று. சனிக்கிழமை காலை துணியை மேஜையில் விரித்தபோது பைக்குள் கை விட்டேன். "பாதுகாப்பு உடை" என்று இருந்தது. தம்பியின் ஆலைப் பெயரும் இருந்தது. ஏதோ பழைய கோட்டு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உனக்கு ஒரு போன் அடித்திருக்கலாம். அடித்தால் நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்று அடிக்கவில்லை. ஒன்பது பேர் கத்தரிக்கோலோடு காத்திருந்தார்கள். அந்தத் துணி அவ்வளவு நன்றாக இருந்தது. இதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் முடிச்சு ஒன்றுதான். அடித்தாலும் அதை மாற்றிச் சொல்ல மாட்டேன்.

முப்பத்தேழு துண்டு வந்துவிட்டது. வங்கியில் வேலை செய்யும் அம்மா விஷயத்தைக் கேட்டதும் தன் போர்வையை வாசலிலேயே உட்கார்ந்து பிரித்துக் கொடுத்தார். ஒருத்தி அதைத் தைத்து நாய்க்குப் படுக்கை ஆக்கியிருந்தாள். நாயிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

இப்போது கேள். துணி வீணாகக் கூடாது என்று, அளவுக்கு வைக்கிற ஆறு மூலை அட்டையை ஒட்டி ஒட்டி வைத்து, தேன்கூடு மாதிரி வெட்டினேன். இடையில் ஒரு விரல் துணிகூடப் போகவில்லை. நேற்று சமையலறைத் தரையில் எல்லாவற்றையும் பரப்பினேன். ஒரு துண்டின் விளிம்பில் அரை ஓட்டை. அதன் மறுபாதி இன்னொரு துண்டில். பக்கத்தில் வைத்தால் ஓட்டை முழுசாகிறது! அப்படியே ஒவ்வொன்றாகத் தேடி வைத்தேன். தோள் வந்தது. முதுகு வந்தது. உன் அத்தான் தண்ணீர் குடிக்க வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "என்னடி இது, ஆள் படுத்திருக்கிற மாதிரி இருக்கு" என்றார். பிறகு சுற்றிக்கொண்டு போனார், தாண்டவில்லை.

விளிம்பை மடிக்காமல், விளிம்போடு விளிம்பு வைத்து, ஒரு வெள்ளை விரிப்பின் மேல் தைக்கப் போகிறேன். எந்த நூல் என்னுடையது, எந்தத் துணி அவருடையது என்று குருடனுக்கும் தெரிகிற மாதிரி சிவப்பு நூலில்.

நெஞ்சுப் பக்கம் ஒரு துண்டு இடம் காலியாக இருக்கிறது. முத்திரைத் துண்டு. அது வீட்டு அலங்காரம் செய்து கொடுக்கிற ஒரு அம்மாவிடம் இருக்கிறது. தர மாட்டேன் என்கிறார். சுவரில் மாட்டுவதற்காக ஒன்று செய்திருக்கிறார், அதற்கு நடு மையமே அந்த முத்திரைதானாம். அடுத்த வாரம் கண்காட்சியில் வைக்கிறார். அதற்குப் பெயர் கூட வைத்துவிட்டார்: "உழைப்பின் சுவடுகள்".

அக்கா


மார்ச் 14, சனி

அக்கா,

முடிச்சு ஒன்றுதான்.

நேற்று அவரிடம் சொல்லிவிட்டேன். இருபத்தாறாம் தேதிக்குக் கோட்டை எடுத்து வை என்றார், இனி மறைக்க முடியவில்லை. உன்னைத் திட்டினேன், உன் பேனரைத் திட்டினேன், அக்கா பொய் சொல்கிறாள், ஒற்றை முடிச்சுதான் இருந்தது என்கிறாள் என்றேன். அவர் வலது கையைத் தூக்கிக் காட்டினார். நடு விரலும் மோதிர விரலும் ஒட்டிப்போய் இருக்கிறதே, அந்தக் கை.

"இதை வச்சு ஒரு முடிச்சுதான் போட வருது" என்றார்.

நான் வேலைக்குப் போன பிறகு அவர் தினமும் அந்த மூட்டையை இறக்கியிருக்கிறார். பிரித்து, கோட்டை மடியில் போட்டு உட்கார்ந்திருக்கிறார். எதற்கு என்று கேட்டேன்.

"போட்டிருந்தேனா இல்லையான்னு பார்க்க" என்றார்.

புரிகிறதா உனக்கு? ஆலையிலிருந்து மூன்று கடிதம் வந்தது. நீ போடவில்லை, நீ போடவில்லை, நீ போடவில்லை. கடைசியில் அந்த மனுஷருக்கே சந்தேகம் வந்துவிட்டது. தன் உடம்பில் எரிந்த துணியைத் தினமும் எடுத்துத் தடவிப் பார்த்துத் தன்னையே நம்பவைத்துக்கொண்டிருக்கிறார். நாலு மாதம் ஒரே அறையில் இருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை.

உன்னைப் பொய்க்காரி என்று எழுதியது தப்பு. மற்றது எதையும் திரும்ப வாங்கவில்லை. முத்திரையைப் பார்த்துவிட்டு வெட்டினாயே, அது நெஞ்சில் அப்படியே நிற்கிறது.

அந்த அம்மாவுக்குச் சுவடு வேண்டுமாமா? இங்கே வரச் சொல். அவர் முதுகைக் காட்டுகிறேன். அதை ஃப்ரேம் போட்டு மாட்டட்டும்.

அந்தத் துண்டு இல்லாமல் நீ தைப்பது வெறும் ஓட்டைத் துணி. கெஞ்சுவாயோ மிரட்டுவாயோ தெரியாது.

தங்கை


மார்ச் 20, வெள்ளி

சின்னு,

இதோடு பார்சல் வருகிறது. முப்பத்தெட்டும் இருக்கிறது.

கெஞ்சினேன். மூன்று முறை வீட்டுக்குப் போனேன். இரண்டு முறை காப்பி கொடுத்தார், ஒரு முறை அதுவும் இல்லை. "நீங்கதானே சொன்னீங்க, கைக்கு வர்ற துணியோட பேசுங்க, அது என்ன ஆகணும்னு அதுவே சொல்லும்னு? எங்கிட்ட அது சொல்லிடுச்சு" என்றார். நான்தான் சொன்னேன். முகாமில், மைக்கில். என் வாயை என்ன செய்வது?

நேற்று கண்காட்சிக்குப் போனேன். நல்ல கூடம், வெள்ளைச் சுவர், ஜூஸ் கொடுத்தார்கள். சுவரில் அது தொங்கியது. சுற்றிலும் பட்டு, நடுவில் தம்பியின் கோட்டுப் பை, 417. மேலே தனி விளக்கு. கீழே அட்டையில் அந்த அம்மாவின் பெயர். ஒரு பெரிய மனிதர் தன் மனைவியிடம், "பாரு, அந்தக் கிழிசல்ல எவ்வளவு வலி இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டு ஜூஸ் குடித்தார்.

எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. ஸ்டூலைப் போட்டு ஏறி, அதைக் கழற்றி இறக்கினேன். தரையில் உட்கார்ந்தேன். தையல் பிரிக்கிற முள் எப்போதும் கைப்பையில் இருக்குமே, அதை எடுத்தேன்.

அந்த அம்மா ஓடி வந்தார். "என்ன பண்றீங்க? இது என் படைப்பு!"

"ஓரம்தாங்க உங்க படைப்பு. நடுவுல இருக்கிறது என் தங்கச்சி வீட்டுக்காரர்."

"போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. வர்றதுக்குள்ள முடிச்சிடுவேன். உங்க தையல் இழுத்தா வந்துடுது, நான் அப்பவே சொன்னேன், நெருக்கிப் போடுங்கன்னு."

யாரோ சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. பட்டில் ஒரு கீறல் விழாமல் பிரித்து, பட்டை மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன். கதவருகில் நின்ற காவலாளி என்னைத் தடுத்திருக்க வேண்டும். கதவைத் திறந்துவிட்டார்.

முகாமுக்கு இனி இடம் தர முடியாது என்று குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. அந்த அம்மாவின் வீட்டுக்காரர்தான் அதற்குச் செயலாளர். பேனரைச் சுருட்டிப் பரண் மேல் போட்டேன். உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்புறம் அப்படி நினைத்ததற்கு வெட்கப்பட்டேன்.

மஞ்சள் துணி எதுவும் இல்லை. ஓட்டை இருக்கும் இடத்தில் விரிப்பையும் வெட்டிவிட்டேன். ஓட்டை ஓட்டையாகவே இருக்கட்டும்.

அக்கா


மார்ச் 26, வியாழன்

அக்கா,

இப்போதுதான் திரும்பி வந்தோம். செருப்பைக் கழற்றாமல் எழுதுகிறேன்.

நீண்ட மேஜை. அந்தப் பக்கம் ஆலையின் வக்கீல், பெர்சனல் மேனேஜர், ஃபைல் தூக்கி வந்த இரண்டு பேர். இந்தப் பக்கம் செயலாளர், அவர், நான். விசாரணை அதிகாரி ஒரு அம்மா, ஜலதோஷத்தோடு.

கோட்டு எங்கே என்று கேட்டார்கள். நீ அனுப்பியதை விரித்தேன். மேஜை நீளத்துக்கு அது படுத்தது. வக்கீல் முதலில் சிரித்தார்.

"மேடம், இது விசாரணையா, கைவேலைக் கண்காட்சியா? இதை யார் வேணும்னாலும் எந்தத் துணியில வேணும்னாலும் தைக்கலாம்."

எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. செயலாளர் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார்.

அதிகாரி அம்மா எழுந்து வந்தார். முத்திரையைப் படித்தார். சிவப்பு நூலை விரலால் தொட்டுக்கொண்டே போனார். முத்திரைத் துண்டின் கீழ் விளிம்பில் அரை நிலா மாதிரி எரிந்திருக்கிறதே, அதன் மறுபாதி அடுத்த துண்டில் இருக்கிறதே, அங்கே வந்ததும் நின்றார். ஓட்டைக்குள் விரலை விட்டார். விரல் அந்தப் பக்கம் மேஜை மரத்தில் பட்டது. அப்படியே வக்கீலைப் பார்த்து, "இது ரெண்டு துணின்னு சொல்றீங்களா?" என்று கேட்டார்.

வக்கீல் ஃபைலைப் புரட்டினார். பெர்சனல் மேனேஜர் கைக்குட்டையை எடுத்தார். வேர்க்கிற அளவுக்கு அந்த அறையில் புழுக்கம் இல்லை.

"ஆசிட் தாங்குற உடுப்புன்னு எழுதியிருக்கீங்களே, அது இதுதானா?"

மேனேஜர் வக்கீலைப் பார்த்தார்.

பிறகு அதிகாரி எங்கள் பக்கம் திரும்பி அவரைக் கேட்டார்: "இது உங்க கோட்டா?"

வழியெல்லாம் நான் சொல்லிக் கொடுத்துக் கூட்டிப் போனேன், "ஆமாம்" என்று மட்டும் சொல்லுங்கள் என்று. அவர் எழுந்தார். குனிந்து வலது கையை அந்தக் கோட்டின் கைக்குள், அதாவது கை இருந்த இடத்தில், மேலே வைத்தார். விரிப்பில் இருந்த ஓட்டைகளும் கையில் இருந்த தழும்புகளும் ஒன்றின் மேல் ஒன்று வந்து உட்கார்ந்தன.

"போட்டிருந்தேன்" என்றார்.

முடிந்துவிட்டது என்று நினைக்காதே. வக்கீல் விடவில்லை. வெட்டியது யார், ஒட்டியது யார், எப்படி ஒட்டினார்கள் என்று அந்த ஆளே வந்து சொல்ல வேண்டும் என்றார். ஏப்ரல் எட்டு, புதன், காலை பத்தரை. நீ வர வேண்டும். வெட்டிய அட்டையையும் எடுத்து வா, துண்டின் மேல் வைத்துக் காட்டச் சொல்வார்கள். முத்திரையைப் பார்த்த பிறகும் வெட்டினேன் என்பதையும் நீ அங்கே சொல்ல வேண்டியிருக்கும். சொல். அதற்கு உன்னைக் கட்டிப்பிடித்து ஆறுதல் சொல்ல மாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

சாட்சிப் படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, உறவு எல்லாம் எழுதினேன். 'தொழில்' என்ற இடத்தில் கிளினிக் வரவேற்பு என்று எழுதினேன். வக்கீல் எட்டிப் பார்த்து, "பல் டாக்டர்கிட்ட டோக்கன் கொடுக்கிற அம்மாவா துணி நிபுணர்?" என்று பக்கத்து ஆளிடம் சொன்னார், எனக்குக் கேட்க வேண்டும் என்றே. அதை அடித்தேன். மேலே பெரிதாக, "ஒட்டுத்துணிக் கலைஞர்" என்று எழுதி, பேனாவை மூடி அவர் முன்னால் வைத்தேன். அந்த வார்த்தையின் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஆனால் அவர் வாயை அடைக்க அது போதுமானதாக இருந்தது.

கோட்டை எட்டாம் தேதி வரை எங்களிடமே வைத்திருக்கச் சொன்னார்கள். இப்போது மடித்து அதே தலையணை உறையில் போட்டாயிற்று. முதல் முடிச்சை அவர் போட்டார். இரண்டாவதற்கு ஒரு நுனியைத் தன் நல்ல கையில் பிடித்துக்கொண்டு மறு நுனியை என் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறார். எழுதி முடி என்கிறார்.

தங்கை